தீபாவளிக்கு ஒருமுறை, சித்திரைக்கு ஒருமுறை: கேமரன் மலைக் குடும்பங்கள் ஆபத்துக்குத் தயாராவது எப்படி?

தானா ராத்தா – 2013 அக்டோபர் 23. தீபாவளிக்கு இன்னும் பத்தே நாள். தொடர்மழையால் ரிங்லெட் சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர்மட்டம் உயர்ந்தது. நள்ளிரவுக்குப் பின் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. கீழே பெர்த்தாம் வேலியில் தூங்கிக்கொண்டிருந்த குடும்பங்களின் வீடுகளுக்குள் சேறும் தண்ணீரும் புகுந்தன. உயிர்களும் பறிபோயின.

அடுத்த ஆண்டு தீபாவளி முடிந்து இரண்டு வாரம்கூட நிறைவடைந்த நிலையில், 2014 நவம்பர் 5 மாலை, ரிங்லெட், பெர்த்தாம் வேலி பகுதிகளை மீண்டும் மண் வெள்ளம் தாக்கியது. அப்போதும் உயிரிழப்பு ஏற்பட்டது. 2024 ஜனவரி 26, தைப்பூசத்துக்கு மறுநாள் அதிகாலை, புளூ வேலியில் சரிந்த மண் தொழிலாளர்கள் தங்கியிருந்த வீட்டை மூடியதில் மியன்மார் நாட்டினர் ஐவர் மாண்டனர்.

இந்தச் சம்பவங்களின் நேரத்தைக் கவனித்தால் ஒன்று புரியும். ஆபத்து பெரும்பாலும் இரண்டு வேளைகளில் வருகிறது. ஒன்று, எல்லோரும் தூங்கும்போது. மற்றொன்று, குடும்பத்தினர் ஆளுக்கொரு பக்கம் இருக்கும்போது. அப்பா தேயிலைத் தோட்டத்தில், அம்மா தங்கும் விடுதி வேலையில், பிள்ளைகள் பள்ளியில், பாட்டி மட்டும் வீட்டில். இதுதான் இங்குள்ள பல குடும்பங்களின் அன்றாட நிலை. கூடிப் பேசி முடிவெடுக்க அந்த வேளையில் நேரம் இருக்காது. பேச வேண்டியதை முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

எப்போது பேசுவது?

கேமரன் மலையில் ஆண்டுக்கு இரண்டு முறை மழை உச்சத்தைத் தொடுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் ஒருமுறை. அக்டோபர், நவம்பரில் மறுமுறை. முதலாவது சித்திரைப் புத்தாண்டை ஒட்டி வருகிறது. இரண்டாவது தீபாவளியை ஒட்டி வருகிறது. இரு பண்டிகைகளுக்கும் வீட்டைக் கழுவித் துடைப்பது நம் வழக்கம். அந்த நாளிலேயே அரை மணி நேரம் ஒதுக்கி, கீழே சொல்லப்படும் ஏற்பாடுகளைச் செய்துவிடலாம். இதற்கென்று தனி விடுமுறை எடுக்கத் தேவையில்லை.

குடும்பத்தில் முடிவு செய்ய வேண்டிய நான்கு

1. கூடும் இடம். வீட்டுக்கு வெளியே, சரிவுக்கும் ஆற்றுக்கும் தள்ளி, எல்லோருக்கும் தெரிந்த ஓர் இடம். கோயில், மண்டபம், பள்ளித் திடல் என எதுவானாலும் அதற்குப் பின்னால் செங்குத்தான மண் சரிவு இருக்கக்கூடாது.

2. மலைக்கு வெளியே ஒரு தொடர்பு. ஈப்போவிலோ தாப்பாவிலோ இருக்கும் அத்தை, சித்தப்பா என யாராவது ஒருவர். மலையில் ஒருவருக்கொருவர் பேச முடியாமல் போனாலும், ஒவ்வொருவரும் அவருக்கு "நான் நலம், இங்கே இருக்கிறேன்" என்று சொன்னால் போதும். அழைப்பு கிடைக்காத நேரத்தில் குறுஞ்செய்தி போய்ச்சேர வாய்ப்பு அதிகம். அந்த எண்ணைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். கைப்பேசி அணைந்துவிட்டால் அதிலுள்ள எண்கள் உதவாது.

3. பிள்ளையை யார் அழைப்பது. பெற்றோரால் பள்ளிக்குப் போக முடியாவிட்டால் யாரிடம் பிள்ளையை ஒப்படைக்கலாம் என்பதை வகுப்பாசிரியரிடம் முன்பே எழுதிக் கொடுங்கள்.

4. முதியவருக்குப் பொறுப்பு யார். பகலில் தனியாக இருக்கும் தாத்தா, பாட்டியைப் பார்த்துக்கொள்ள ஒரு பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி வையுங்கள். அவர்கள் வீட்டுப் பாட்டிக்கு நீங்கள் பொறுப்பேற்கலாம்.

கதவருகே ஒரு பை

மலைக்கு ஏறி இறங்கும் சாலைகள் சிலவே: தாப்பா, சிம்பாங் பூலாய், குவா மூசாங், சுங்கை கோயான். மண் சரிந்து சாலை அடைபட்டால் உதவி வரத் தாமதமாகும். அதனால் மூன்று நாளைக்குச் சமாளிக்கும் அளவு வீட்டில் இருக்க வேண்டும்.

குடிநீர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு மூன்று நாளுக்கு 45 லிட்டர், அதாவது 1.5 லிட்டர் போத்தல் 30. ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. மளிகை வாங்கும்போதெல்லாம் இரண்டிரண்டாகச் சேர்க்கலாம். சமைக்காமல் சாப்பிடக்கூடிய பிஸ்கட், ரொட்டி, டின் உணவு கொஞ்சம் இருக்கட்டும்.

தூக்கிக்கொண்டு ஓடும் பையில் டார்ச் லைட், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், மருந்து, சில்லறைப் பணம், குழந்தை இருந்தால் பால்மாவு, ஆளுக்கொரு மாற்றுடை ஆகியவை வேண்டும். சமவெளியில் கொடுக்கப்படும் பட்டியல்களில் குளிராடை இருக்காது. இங்கே அது கட்டாயம். மலேசியாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை, 7.8 பாகை செல்சியஸ், 1978 பிப்ரவரி 1 அன்று கேமரன் மலையில்தான் பதிவானது. நனைந்த உடையோடு இரவைக் கழிப்பது குழந்தைக்கும் முதியவருக்கும் உயிராபத்து. கம்பளி ஆடைகளையும் போர்வையையும் பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வையுங்கள்.

நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகள் ஒரு வாரத்துக்குக் கையிருப்பில் இருக்க வேண்டும். மருந்தின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்தால், தானா ராத்தா சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனையிலோ வேறு எங்கேயோ காட்டலாம். இரத்தச் சுத்திகரிப்பு செய்பவர்கள், சாலை அடைபட்டால் என்ன ஏற்பாடு என்று தங்கள் மையத்தில் இப்போதே கேட்டு வைப்பது நல்லது.

பத்திரங்கள் போனால்

சட்டிபானை போனால் வாங்கிக்கொள்ளலாம். பிறப்புப் பத்திரம் போனால் பள்ளிச் சேர்க்கையிலிருந்து அடையாள அட்டை வரை எல்லாவற்றுக்கும் அலைச்சல்தான். அடையாள ஆவணச் சிக்கலில் ஆண்டுக்கணக்கில் தவித்த குடும்பங்கள் நம் சமூகத்தில் இருப்பதால் இதை அலட்சியம் செய்யக்கூடாது. பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், குடியுரிமைத் தாள்கள், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை ஈரம் புகாத உறையில் போட்டு அந்தப் பையிலேயே வையுங்கள். ஒவ்வொன்றையும் படமெடுத்து, மலைக்கு வெளியே இருக்கும் அந்த உறவினருக்குப் புலனத்தில் அனுப்பி வையுங்கள்.

மழை வலுத்தால்

மலேசிய வானிலை ஆய்வுத் துறை தொடர்மழைக்கு மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுக்கிறது. மஞ்சள் என்றால் வாஸ்பாடா, விழிப்பாக இருங்கள். ஆரஞ்சு என்றால் பூரோக், நிலைமை மோசம். சிவப்பு என்றால் பஹாயா, அபாயம். மைசுவாச்சா செயலியில் இதைப் பார்க்கலாம். மஞ்சள் வந்ததுமே கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றி, பையைக் கதவருகே வையுங்கள். சரிவுக்கு அடியிலோ ஆற்றோரத்திலோ வீடு இருந்தால், ஆரஞ்சுக்குப் பிறகு அங்கே படுத்துத் தூங்காமல் உறவினர் வீட்டுக்குப் போய்விடுவதே மேல்.

எச்சரிக்கை வராமலும் மண் சரியலாம். வீட்டுச் சுவரிலோ தரையிலோ புதிய விரிசல், திடீரென்று மூட மறுக்கும் கதவு, சாயும் மரம் அல்லது மின்கம்பம், சரிவிலிருந்து கசியும் கலங்கல் நீர் ஆகியவை அறிகுறிகள். மழை பெய்யும்போதே ஓடையில் நீர் திடீரெனக் குறைந்தால், மேலே எங்கோ மண் அடைத்திருக்கலாம். அடைப்பு உடைந்தால் மொத்தமாக வரும். இவற்றில் எதைக் கண்டாலும் உடனே வெளியேறுங்கள். சரிவின் கீழ்நோக்கி ஓடாமல் பக்கவாட்டில் விலகுங்கள். ஒருமுறை சரிந்த இடம் மறுபடியும் சரியக்கூடும். விட்டுவந்த பொருளுக்காகத் திரும்பிப் போகாதீர்கள்.

வீட்டுக்குள் வரும் ஆபத்து

கேஸ் நாற்றம் வந்தால் விளக்கைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. சுவிட்சின் சிறு பொறியே போதும். தோம்பின் வால்வை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்துதான் கைப்பேசியைத் தொட வேண்டும்.

பலகாரம் சுடும்போது எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். தீ சிதறிப் பெரிதாகும். அடுப்பை அணைத்து, சட்டியை மூடியால் மூடி, ஆறும்வரை விடுங்கள்.

மின்தடை இரவில் குளிருக்காக வீட்டுக்குள் கரி மூட்டுவது மிக ஆபத்தானது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

வீட்டுக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கினால், காலடி காய்ந்திருக்கும்போதே மெயின் சுவிட்சை அணையுங்கள். நீரில் நின்றபடி தொடாதீர்கள்.

999-க்கு அழைக்கும்போது

போலீஸ், தீயணைப்பு மீட்புப் படை, மருத்துவ ஊர்தி, பொது தற்காப்புப் படை ஆகிய எல்லாவற்றுக்கும் 999 ஒன்றே எண். தோட்டத்து வீடுகளைத் தெருப் பெயரால் கண்டுபிடிப்பது கடினம். தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயத்து எண், அருகிலுள்ள கோயில் அல்லது பள்ளி, வண்டி வரக்கூடிய பாதை ஆகியவற்றை மலாயில் ஒரு தாளில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் பிள்ளைகூட அதைப் பார்த்துப் படித்துவிடும்.

பிறகு செய்ய வேண்டியவை

நிவாரண மையத்துக்குப் போனால் குடும்பத்தினர் அனைவரின் பெயரையும் பதிவு செய்யுங்கள். உறவினர் வீட்டில் தங்கினாலும் பாதிப்பைச் சமூகநல இலாகாவிடம் தெரிவியுங்கள். அரசாங்க உதவித்தொகை பெரும்பாலும் பதிவை வைத்தே வழங்கப்படுகிறது. சேற்றைக் கழுவுவதற்கு முன் சேதத்தைப் படமெடுத்து, போலீசில் புகார் கொடுங்கள். அடையாள அட்டை தொலைந்திருந்தால் அந்தப் புகாரின் நகலோடு தேசியப் பதிவு இலாகாவுக்குப் போய், பேரிடரில் தொலைந்தது என்று சொல்லிக் கட்டண விலக்கு கேளுங்கள்.

வரும் தீபாவளிக்கு வீட்டைத் துடைக்கும் நாளில் அந்தப் பையை ஒருமுறை திறந்து பாருங்கள். காலாவதியான மருந்தையும் பிஸ்கட்டையும் மாற்றுங்கள். வளர்ந்துவிட்ட பிள்ளையின் குளிராடையைப் பெரிதாக்குங்கள். அத்தையின் எண்ணைப் பிள்ளையிடம் ஒருமுறை கேளுங்கள். அடுத்த முறை சித்திரையில் பார்த்தால் போதும்.