வாயிலில் நின்ற பிள்ளைகள்

1908 ஆம் ஆண்டில் கசாட்டோ மாரு என்னும் கப்பல் யப்பானியக் குடும்பங்களைப் பிரேசில் நாட்டின் கோப்பித் தோட்டங்களுக்கு ஏற்றிச் சென்றது. அவ்வாறு சென்றோரின் வழித்தோன்றல்கள் யப்பானில் வாழவும் உழைக்கவும் 1990 இல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டத் திருத்தம் வழி திறந்தது. ஹமமட்சு முதலிய தொழில் நகரங்களுக்கு அவர்கள் குடும்பமாக வந்தனர். போர்த்துக்கீச மொழி பேசிய பிள்ளைகள் பாடசாலை வாயிலில் நின்றனர்.

வாயில் அடைக்கப்படவில்லை, கட்டணமும் இல்லை. ஆயினும், பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கும் கடமையை அரசியலமைப்பின் 26 ஆம் உறுப்புரை ‘நாட்டு மக்கள்’ மீதே சுமத்தியிருந்தது. பிறநாட்டுப் பிள்ளை விரும்பினால் வரலாம். வராவிடின் தேடிச் செல்லும் கடமை எவருக்கும் இல்லை. இவ்வொரு சொல்லின் விளைவு சிறிதோ? 2019 இல் முதன்முறையாக நாடளாவக் கணக்கெடுத்தபோது, ஏறத்தாழ 20,000 பிள்ளைகள் எப்பாடசாலையிலும் சேராதிருக்கலாம் என்பது வெளியாயிற்று.

சேர்ந்தவர்க்கும் இடருண்டு. ஆரம்பப் பாடசாலையில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சீனவழி எழுத்துக்களைக் கற்றாக வேண்டும். விளையாட்டுத் திடலிற் சரளமாகப் பேசும் சிறுவன், கணக்கு வினாவில் வரும் ஒரு சொல்லிலே தடுக்கி நிற்பான். அவனை மந்தன் என்று எண்ணுதல் எளிது, ஆனால் பிழை. பேச்சுமொழி வேறு, பாடமொழி வேறு.

2001 இல் ஹமமட்சுவிற் கூடிய நகரங்கள், இப்பிள்ளைகளின் கல்விக்கு மத்திய அரசு பொறுப்பேற்க வேண்டுமென அறைகூவின. 2014 முதல், வகுப்பிலிருந்து அழைத்துச் சென்று தனியே மொழி கற்பிக்கும் நேரம் முறையான பாடநேரமாயிற்று. அதற்குமுன் அது பெரும்பாலும் அவ்வப் பாடசாலையின் முயற்சியையே பொறுத்திருந்தது. 26 ஆம் உறுப்புரையின் சொல் மட்டும் மாறவில்லை.