ஓட்டக்காரரும் உத்துவன்கந்தைக் கொள்ளையனும்

விளையாட்டுப் பக்கத்தின் ஒரு மூலையில் ஒற்றைப் பத்தியில் வரும் பெயர் முதற்பக்கத் தலைப்பாவதற்கு என்ன வேண்டும்? பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் இதற்கான விடையை நான் அறிவேன். ஒரு துப்பாக்கி போதும்.

2012ஆம் ஆண்டு மார்ச்சில் திரைக்கு வந்த 'பான் சிங் தோமர்' என்ற இந்திப் படம் இந்த விடையைத்தான் முகத்துக்கு நேரே சொல்லியது. திக்மான்ஷு தூலியா இயக்கிய அப்படத்தில் இர்ஃபான் கான் நாயகனாக நடித்தார். தலைமறைவாக இருக்கும் கொள்ளைக்காரரைச் செவ்வி காண ஒரு பத்திரிகையாளர் செல்கிறார். அவரிடம் பான் சிங் தமது கதையைச் சொல்லத் தொடங்குகிறார். நாட்டுக்காக ஓடிய காலத்தில் தம்மை யாரும் தேடி வரவில்லை என்ற மனக்குறை அக்கதை முழுவதிலும் அடிநாதமாக ஒலிக்கிறது.

பான் சிங் கற்பனைப் பாத்திரம் அல்லர். மத்தியப் பிரதேசத்தின் சம்பல் பகுதியில் பிறந்து இந்திய இராணுவத்தில் சேர்ந்தவர். 3000 மீற்றர் ஸ்டீப்பிள்சேஸ் ஓட்டத்தில் ஏழு முறை இந்தியத் தேசிய வீரரானவர். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவின் சார்பில் ஓடியவர். அந்த ஓட்டத்தில் 28 தடைகளையும் ஏழு நீர்த் தடைகளையும் தாண்ட வேண்டும். அவற்றையெல்லாம் தாண்டியவரால் தமது கிராமத்துக் காணித் தகராறு ஒன்றைத் தாண்ட முடியவில்லை. நியாயம் கேட்டுப் பொலிஸ் நிலையம் சென்ற அவரது பதக்கங்களுக்கு அங்கே மதிப்பில்லாமற் போவதைப் படம் காட்டுகிறது. அவர் துப்பாக்கி ஏந்தினார். 1981 அக்டோபர் 1ஆம் நாள் பொலிஸ் மோதலில் கொல்லப்பட்டார்.

படம் முடியும்போது, கவனிப்பாரற்றுப் போன இந்திய விளையாட்டு வீரர்கள் சிலரின் பெயர்கள் திரையில் தோன்றுகின்றன. 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் மல்யுத்தத்தில் வெண்கலம் வென்ற கே. டி. ஜாதவ் அவர்களுள் ஒருவர். சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் அவருடையது. அவர் துப்பாக்கி ஏந்தவில்லை. ஆகவே அவருக்குக் கிடைத்தது அந்தப் பட்டியலில் ஒரு வரி மட்டுமே.

அந்த வரியைக் கண்டபோது என் நினைவு நமது கொழும்பு - கண்டி வீதிக்குச் சென்றது. கேகாலையைக் கடந்து மாவனெல்லையை நெருங்கும்போது ஒரு பாறைக் குன்று தெரியும். அதுதான் உத்துவன்கந்த. சிங்கள மக்களின் நினைவில் இன்றும் வாழும் சரதியேலின் இருப்பிடம் அது. சரதியேல் விளையாட்டு வீரன் அல்லன். பதக்கம் எதுவும் பெற்றவனுமல்லன். எனினும், மக்களின் நினைவு யாரைத் தேர்கிறது, யாரை விட்டுவிடுகிறது என்ற கேள்விக்கு அவனது கதையைவிடச் சிறந்த சான்று நம்மிடம் இல்லை.

1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் அமைக்கப்பட்டது கண்டி வீதி. கண்டிக்குப் புகையிரதம் வந்தது 1867இல்தான். அதுவரை மலைநாட்டுக் கோப்பி முழுவதும் மாட்டுவண்டிகளில், இந்த வீதி வழியாகவே கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்கியது. செல்வம் மாட்டின் வேகத்தில் நகர்ந்த பாதை அது. சரதியேலும் அவனது கூட்டாளிகளும் கைவைத்தது அந்தப் பாதையில்தான். பணக்காரரிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தான் என்று ஊர் சொன்னது. வெள்ளையர் ஆட்சிக்கு அவன் வெறும் கொள்ளையனும் கொலைகாரனுமே.

1864 மார்ச் 21ஆம் நாள் மாவனெல்லையில் அவன் பதுங்கியிருந்த வீட்டைப் பொலிஸார் சூழ்ந்தனர். அவனுடன் இருந்தவன் மம்மலி மரிக்கார் என்ற முஸ்லிம் நண்பன். அவனது துப்பாக்கிச் சூட்டில் துவான் சபான் என்ற மலாய் இனக் கான்ஸ்டபிள் உயிரிழந்தார். நண்பர்கள் இருவரும் 1864 மே 7ஆம் நாள் கண்டியில் ஒன்றாகத் தூக்கிலிடப்பட்டனர்.

எரிக் ஹொப்ஸ்பாம் என்ற வரலாற்றறிஞர் 1969இல் கொள்ளையர் பற்றி எழுதிய நூலில் இத்தகையோரைச் 'சமூகக் கொள்ளையர்' என்று அழைத்தார். அரசு குற்றவாளி என்று சொல்பவனைக் குடியானவர்கள் தம்மவன் என்று போற்றுவது உலகெங்கும் காணப்படுவதுதான். கேட்க ஆளில்லாத குறைகள் உள்ள இடத்தில், கேட்பதற்கு ஒருவன் இருந்தான் என்ற கதையாவது மக்களுக்கு வேண்டியிருக்கிறது. அதை நான் இகழமாட்டேன்.

ஆனால், அந்தக் கதை யார் யாரை விட்டுவிட்டது என்பதையும் நாம் பார்க்க வேண்டும். கடமையில் உயிர்நீத்த முதலாவது இலங்கைப் பொலிஸ்காரர் சபான். அவர் இறந்த மார்ச் 21ஆம் நாளே பொலிஸ் வீரர் தினமாக நினைவுகூரப்படுகிறது. ஆயினும் அணிவகுப்புக்கு வெளியே அவரது பெயரை அறிந்தவர் எத்தனை பேர்? சரதியேலுக்கோ மாவனெல்லை அருகே ஒரு சுற்றுலாக் கிராமமே இருக்கிறது.

அந்த வண்டிகளில் சென்ற கோப்பி யார் பறித்தது? தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கடல் கடந்து, காட்டுவழியே நடந்து மலையேறிய நம் மக்கள் பறித்தது. வழியில் நோயாலும் பசியாலும் மாண்டவர்கள் ஏராளம். 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலை வந்தது, றப்பர் வந்தது. 1889இல் சப்ரகமுவ தனி மாகாணமாயிற்று. இன்றும் கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் அவர்களின் சந்ததியினர் வாழ்கிறார்கள். கோப்பியைக் கொள்ளையடித்தவனுக்குக் கதை உண்டு. கோப்பிக்குச் சொந்தமான துரைமாருக்கு ஆவணங்கள் உண்டு. கோப்பியைப் பறித்தவர்களோ பேரேடுகளில் தலைக்கணக்காக நின்றுவிட்டார்கள்.

இன்னொன்றும் மறக்கப்பட்டது. ஒரு சிங்களவனும் ஒரு முஸ்லிமும் ஒரே நாளில் ஒன்றாகத் தூக்குமேடை ஏறிய கதை மாவனெல்லையின் சொந்தக் கதை. அதே மாவனெல்லையில் 2001 மே மாதம் முஸ்லிம்களின் கடைகள் எரிக்கப்பட்டன. துப்பாக்கியை நினைவில் வைத்த ஊரால் அந்த நட்பை நினைவில் வைக்க முடியவில்லை.

பான் சிங் துப்பாக்கி ஏந்தியதால்தான் அவர் ஓடிய ஓட்டமும் நமக்குத் தெரியவந்தது. இது அவருக்குப் பெருமையாக இருக்கலாம். நமக்குப் பெருமை அல்ல. ஓடுகிறவரையும் காவல் நிற்கிறவரையும் கொழுந்து பறிக்கிறவரையும் அவர்கள் உயிரோடிருக்கும்போதே எழுதியிருக்க வேண்டியவர்கள் நாங்கள். ஒற்றைப் பத்தியோடு நிறுத்திக்கொண்டோம்.