சாகும் இயந்திரத்தின் வாக்குமூலம்

போன வாரம் பேரனின் லேப்டாப்பில் திடீரென்று நீலத் திரை வந்து நின்றது. அவன் உடனே சுவிட்சை அமுக்கப் போனான். "இருப்பா, அதில் என்ன எழுதியிருக்கிறதென்று முதலில் போனில் படம் எடுத்துக்கொள்" என்றேன். "உங்களுக்கு எப்படித் தாத்தா இதெல்லாம் தெரியும்?" என்று சிரித்தான். பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் அது.

தொண்ணூறுகளின் நடுவில், நான் வேலை பார்த்த அலுவலகத்துக்குக் கணினி வந்த புதிது. ஒரு மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தபோது திரை அப்படியே உறைந்துவிட்டது. ஏதேதோ எண்கள் வரிசையாக நின்றன. பயந்துபோய் மின்சாரத்தையே அணைத்துவிட்டேன். பழுது பார்க்க வந்த பையன் கேட்ட முதல் கேள்வி: "சார், கடைசியாகத் திரையில் என்ன இருந்தது?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. காரணம் பிடிபடாததால் அடுத்த மாதமும் அதே இடத்தில் நின்றது. இரண்டு மாதமும் சம்பளம் தாமதம். பியூன் ஒருவர் பெண்ணின் பள்ளிக் கட்டணத்துக்குக் கைமாற்று வாங்க அலைந்ததை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கணினியை நடத்தும் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். சாதாரண புரோகிராம் ஒன்று செத்தால் மற்றவை ஓடும். கெர்னலே தன் கணக்கில் குழப்பம் கண்டால், மேற்கொண்டு ஓடி வட்டில் உள்ளதையும் கெடுக்காமல், தானே நின்றுவிடும். நிற்கும்போது நினைவகத்தில் இருப்பதைப் பிரதி எடுத்து வைப்பதற்கு டம்ப் என்று பெயர். அந்தக் கால நினைவகம், கம்பியில் கோத்த சின்னஞ்சிறு காந்த வளையங்களால் ஆனது. வளையத்துக்குக் கோர் என்று பெயர். வளையங்கள் போய்விட்டன, 'கோர் டம்ப்' என்ற சொல் மட்டும் நின்றுவிட்டது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. குழம்பிப்போன கெர்னல் எழுதும் வாக்குமூலத்தை எப்படி நம்புவது? மரண வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட் வந்து பதிவு செய்வதுபோல, லினக்ஸில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. நினைவகத்தில் ஒரு மூலையை ஒதுக்கி, அங்கே இரண்டாவது கெர்னல் ஒன்றைத் தயாராக வைத்திருப்பார்கள். முதலாவது விழுந்ததும் இது எழுந்து, செத்ததன் நினைவைப் பிரதி எடுக்கும். கேடம்ப் என்று அதற்குப் பெயர்.

இந்த எச்சரிக்கை ஏன் வேண்டும் என்பதை எனக்குப் புரியவைத்தது ஒரு ராக்கெட்.

தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளம் நம்மவர்களுக்குப் புதிதல்ல. நமது ஆப்பிள் செயற்கைக்கோள் 1981இல் அங்கிருந்துதான் ஏரியான் ராக்கெட்டில் போனது. அதே இடத்திலிருந்து 1996 ஜூன் 4ஆம் தேதி ஏரியான் 5 முதன்முதலாகக் கிளம்பியது. உள்ளே நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்கள். எஞ்சின் பற்றிய சுமார் 40 விநாடியில், ஏறக்குறைய 3,700 மீட்டர் உயரத்தில், பாதை விலகிச் சிதறியது.

கணித மேதை ழாக்-லூயி லியோன்ஸ் தலைமையில் ஒரு குழு விசாரித்து ஜூலை 19 அன்று அறிக்கை தந்தது. முசேக்களிடம் அடி வாங்கிப் படித்த பிரெஞ்சு, அந்த அறிக்கையைப் படிக்க உதவியது.

ராக்கெட்டின் திசையைச் சொல்ல ஒரே மாதிரி இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று பணியில், ஒன்று மாற்று. அவற்றின் புரோகிராம் ஏரியான் 4இலிருந்து எடுத்தது. புது ராக்கெட்டின் கிடைவேகம் ஐந்து மடங்கு விரைவாகக் கூடியது. அதைச் சார்ந்த ஓர் எண்ணை 16 பிட் கட்டத்துக்குள் எழுத வேண்டும். அதில் 32,767க்கு மேல் இடமில்லை. எண் கட்டத்தை மீறியது. இத்தனைக்கும் அந்தக் கணக்கு தரையில் இருக்கும்வரைதான் தேவை. பழைய ராக்கெட்டின் வசதிக்காக வைத்தது, பறக்கும்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் மாற்றுக் கருவி நின்றது. அடுத்த கணமே பணியில் இருந்ததும் அதே காரணத்தால் நின்றது. நிற்கும்போது, விதிப்படி, பழுதுக் குறிப்பை அனுப்பிவிட்டு நின்றது. பிரதான கணினி அந்தக் குறிப்பைப் பறக்கும் விவரம் என்று எடுத்துக்கொண்டது. இல்லாத விலகலைத் திருத்துவதாக நினைத்து எஞ்சின் முனைகளை முழுவதும் திருப்பியது. ராக்கெட் வளைந்து முறிந்தது. தன்னழிப்பு வேலை செய்தது. அலுவலகத்தில், ஓரத்தில் கிறுக்கிய குறிப்பை அதிகாரியின் உத்தரவாக எடுத்துக்கொண்டு நடவடிக்கை எடுத்ததுபோல!

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. கருவி நிற்குமுன், தன் நிலையை மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம் ஒன்றிலும் எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. அதுவும் நடந்திருந்தது. ஏவுதளத்தை ஒட்டி விழுந்து கிடந்த சிதறல்களில் இரண்டு கருவிகளையும் தேடி எடுத்தார்கள். கடைசியாக நின்ற கருவியின் விவரம் முழுவதும் தரைக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை. உள்ளே பதிந்திருந்ததைப் படித்தபோதுதான் நடந்தது வரிசையாகத் தெளிவாயிற்று.

ஒரே வாக்குமூலம்தான். தவறான காதில் விழுந்தபோது ராக்கெட்டைக் கவிழ்த்தது. உரிய இடத்தில் பத்திரமாக இருந்தபோது காரணத்தைச் சொன்னது. வாக்குமூலம் எழுதினால் போதாது. அது உயிரோடிருப்பவர் பேச்சல்ல என்று கேட்பவருக்கும் தெரியவேண்டும்.

பேரன் படத்திலிருந்த குறியீட்டைத் தேடிப் பார்த்தான். முதல் நாள் போட்ட புது டிரைவர்தான் காரணம். அதை எடுத்ததும் சரியாகிவிட்டது. உங்கள் வீட்டிலும் நீலத் திரை வந்தால் ஒரு நிமிடம் பொறுங்கள். அது சொல்வதை எழுதிக்கொண்டு பிறகு அணையுங்கள். அன்று எனக்கு இது தெரிந்திருந்தால், அந்தப் பியூன் அடுத்த மாதமும் அலைந்திருக்க வேண்டாம்.