அட்டையில் இறங்கிய வேற்றுக்கிரகம்

விஞ்ஞானக் கதையின் முதல் வரியை எழுதுபவர் ஓவியர். கதாசிரியர் பத்துப் பக்கம் எழுதிக் கட்டும் கிரகத்தை, புத்தகம் கடையில் தொங்கும்போதே ஓவியர் நம் கண்ணில் ஏற்றிவிட வேண்டும். அமெரிக்காவில் 1926 ஏப்ரலில் வந்த ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ முதல் இதழுக்கு ஃபிராங்க் ஆர். பால் அதைச் செய்தார். மேலே வளையத்தோடு சனி, கீழே பனியில் சறுக்கி விளையாடும் மனிதர்கள்.

தமிழில் எதிர்காலத்தை வரையவென்று தனி ஓவியர் கூட்டம் இருக்கவில்லை. 1980களில் சுஜாதா ஆனந்த விகடனில் ‘என் இனிய இயந்திரா’ தொடரில் ஜீனோ என்ற இயந்திர நாயை உலவவிட்ட காலத்தில், பத்திரிகைகளை ஆண்டவர்கள் சுஜாதாவின் வக்கீல் ஜோடி கணேஷ்–வசந்துக்கு முகம் கொடுத்த ஜெயராஜ், ம.செ. என்று நாம் அழைக்கும் மணியம் செல்வன் போன்றவர்கள். குடும்பக் கதைக்கும் சரித்திரக் கதைக்கும் பழகிய கைகள்தான் ராக்கெட்டையும் வரைய வேண்டியிருந்தது. அதனால்தான் நம் அட்டைகளில் வேற்றுக்கிரகம்கூட அந்நியமாகத் தெரிவதில்லை. மாத நாவல் அட்டைகளால் பெயர்பெற்ற ஷ்யாம், தமிழ்ப் பெண்களும் விநோத ஜந்துக்களும் காதல் செய்யும் ‘குமாரி லவ்ஸ் எ மான்ஸ்டர்’ என்ற நூலுக்கே பின்னாளில் ஓவியங்கள் வரைந்தார்.

அந்நாளில் படம் புறப்படும் இடம் சென்னையில் ஓவியரின் மேசை. மேலே தலைப்புக்கு இடம் விட்டு, அச்சளவைவிடப் பெரிதாக வரைவார்கள். பிறகு நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்கு பிலிம், நான்கு பிளேட். ஒன்று மயிரிழை நகர்ந்தாலும் கதாநாயகியின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் விழும். அட்டைக்கு வழவழப்பான தாள், உள்ளே சாணித்தாள், நடுவில் இரண்டு பின்.

புத்தகக் கட்டுகள் கடல் கடந்து மலேசியாவின் பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான் கடைகளுக்கு வரும். கிள்ளானில் தெங்கு கிளானா சாலைக் கடையில் வாங்கியது, பந்திங் போகும் பேருந்தில் ஏறி ஜெஞ்சாரோமில் இறங்கும். தோட்டத்து லயங்களில் ஒரே புத்தகம் வீடு வீடாகக் கைமாறும். கடை முகப்பில் வெயில் பட்டதென்றால் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளிறி, நீலமும் கறுப்புமே மிஞ்சும். புழுக்கத்தில் பின் துருப்பிடித்து அட்டை தனியே கழன்றுவிடும். மீதியை இராமபாணப் பூச்சி பார்த்துக்கொள்ளும்.

2018-இல் வெளிநாட்டு பிளாஸ்டிக் குப்பை குவிந்த ஊராகத்தான் உலகம் ஜெஞ்சாரோமை அறிந்தது. கடல் கடந்து இங்கே வந்த வண்ணங்களைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பது எனக்கு ஆதங்கம்.

பூச்சியைவிடப் பெரிய சேதம் நம் கையாலேயே நடந்தது. தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்தபோது அட்டைகளைத் தூக்கி எறிந்தோம். எழுத்தாளர் பிழைத்தார், ஓவியர் போனார். சென்னை ரோஜா முத்தையா நூலகம் போன்ற இடங்கள் பழைய அச்சுகளைக் காக்கின்றன. ஆனால் ஜெஞ்சாரோம் வரை வந்து வெளிறிய பிரதி அங்கே இருக்காது, உங்கள் பரணில்தான் இருக்கும். பழைய பேப்பர்காரருக்குப் போடுமுன் அட்டையைப் படமெடுங்கள். மூலையில் இருக்கும் கையெழுத்தைப் படித்து, ஓவியர் பெயரையும் ஆண்டையும் குறித்து வையுங்கள்.