குடையை நிறுத்தியவன் எவன்? புறநானூறு 174இல் ஒரு விளிச்சொல்

மலையமான் சோழிய ஏனாதி திருக்கண்ணனின் வரலாற்றை எழுதப் புகுவோருக்குக் கிடைப்பது மாறோக்கத்து நப்பசலையாரின் ஒரே பாட்டு, புறம் 174. அரசிழந்து முள்ளூர் மலையுச்சியில் ஒதுங்கியிருந்த சோழனுக்கு வெண்குடையை மீண்டும் நிறுத்திக்கொடுத்த செயலை அது பாடுகிறது. அச்செயல் திருக்கண்ணனுடையதன்று, மறைந்துபோன அவன் முன்னவனுடையது என்று ஒரு சாரார் எழுதிவருகின்றனர். அப்படியானால் ஏனாதிப் பட்டம் இவனுக்கு, வீரம் வேறொருவனுக்கு என்றாகிறது. பாட்டின் அமைப்பு அதற்கு இடம் தரவில்லை.

அவர்கள் ஊன்றி நிற்பது 'நும்முன்' என்ற சொல்லில். தமையன், முன்னோன் இரண்டுக்கும் பொருந்தும் சொல் அது. அச்சொல் சுட்டும் முன்னவன் உயர்ந்தோர் உலகம் போய்விட்டான். இதில் மறுப்பில்லை. ஆனால் அச்சொல் வருவதற்கு முன்பே குடையை நிறுத்தும் தொடர் 'மேம்படுந' என்ற விளியில் முடிந்துவிடுகிறது. விளிக்கப்படுபவன் உயிரோடு எதிரில் நிற்கும் திருக்கண்ணன். 'நிறுத்த' என்னும் பெயரெச்சம் 'புகழ்' என்பதைத் தழுவுவதால், அது குடிப்புகழாகவும் இருக்கலாமே என்று கேட்கலாம். இலக்கணம் அதைத் தடுக்காது. தடுப்பது உவமை. பாட்டில் உவமைகள் இரண்டு. அவுணர் ஒளித்த ஞாயிற்றை மையுருவனான திருமால் மீட்டுத் தந்தது ஒன்று. கோடை நீண்டு கயங்கள் காய்ந்தபின் இடியோடு மழை கொட்டியது மற்றொன்று. முதலாவது காவிரி நாட்டின் துன்பம் தீர்ந்ததற்கு. இரண்டாவது, முன்னவன் இறந்தபின் திசைதெரியாது தவித்த நெஞ்சங்களுக்கு இவன் தோன்றியதற்கு. துயர் வேறு, துயருற்றோர் வேறு; தீர்த்தவன் மட்டும் ஒருவன். முன்னவனுக்குப் புலவர் தருவது பெரும்பெயரும் சுடர்விடும் அணியும் வண்டு மொய்க்கும் கண்ணியும் புலி பொறித்த கோட்டையும்தான். (மலையமான் காசுகளில் குதிரையைக் கண்டு பழகிய கண்ணுக்கு இந்தச் சோழர் புலி உறுத்தத்தான் செய்யும். சோழர்க்குத் தோள்கொடுத்த குடி என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?)

சோழன் யாரிடம் அரசிழந்தான்? தாயத்தாரிடம் என்றே கருதுகிறேன். பாட்டில் பகைவன் பெயர் இல்லை. பெயரில்லாமையை வைத்து வழக்காடுவது வழுக்கும் நிலம்தான். ஆயினும் சோழர் குடியினரான நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பொருதபோது கோவூர்கிழார் பாடிய புறம் 45ஐ அருகே வைத்துப் பார்க்கலாம். அங்கும் பாட்டுக்குள் இருவர் பெயரும் இல்லை. இருவர் தலையிலும் ஆத்திமாலை என்பதே சுட்டு. சேரனையோ பாண்டியனையோ விரட்டியிருந்தால் பனந்தோட்டையோ வேம்பையோ சொல்லிப் புகழ்வதில் புலவர்க்கு என்ன தயக்கம்? புறம் 125இன் கொளு, சேரமான் மாந்தரஞ்சேரல் இரும்பொறையோடு பொருத சோழனுக்கு மலையன் துணைநின்றதைச் சொல்கிறதே என்பர். அது களத்தில் வென்ற கதை. மலையில் ஒளிந்த கதையன்று. மேலும் இங்கே குடையைக் 'காட்டி' நிறுத்துகிறான். வெளிப்பகையை ஓட்டினால் போதும். உட்பகையில், இவனே அரசன் என்று நாட்டாருக்குக் காட்டவும் வேண்டியிருக்கிறது.

சோழன் ஒளிந்த முள்ளூர் கல்வராயன் மலைதான் என்று நான் வாதிடவில்லை. ஆனால் கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு வளைவு வளைவாக ஏறுபவருக்கு, புலவர் சொன்ன 'அருவழி' ஏட்டுச்சொல்லாக இராது. திருக்கோவலூர்ச் சமவெளியை ஆண்ட மலையமான் குடிக்கு மேற்கே இத்தகைய மலைகள் இருந்தன. உறந்தையில் நிற்க முடியாத அரசனுக்கு அது போதும்.

ஏனாதிப் பட்டம் இச்செயலுக்காகவே தரப்பட்டது என்று பாட்டில் இல்லை. ஆனால் இதற்காகவே என்பதில் எனக்கு ஐயமில்லை. புறம் 167இல் இன்னொரு ஏனாதியான திருக்கிள்ளியின் உடம்பைக் கோனாட்டு எறிச்சலூர் மாடலன் மதுரைக் குமரனார் தழும்பு தழும்பாகக் காட்டுகிறார்: கேட்க இனியவன், காண இன்னாதவன். திருக்கண்ணனிடம் நப்பசலையார் காட்டுவது ஒரு மாலையை மட்டுமே. தழும்பைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.