பொருத்துதலும் பொருந்துதலும்: நாலந்தா கெடிகே பற்றிய ஒரு நோக்கு

‘ரீஅட்ஜஸ்ட்’ என்னும் ஆங்கில வினை, நிலைகுலைந்த ஒன்றை மீண்டும் இசைவுறச் செய்தலைக் குறிப்பது. அதன் உட்கூறாகிய ‘அட்ஜஸ்ட்’ பிரெஞ்சு மொழிவழி வந்தது. அதன் அடி, ‘அருகே’ எனப் பொருள்படும் ‘யுக்ஸ்தா’ என்னும் இலத்தீன் சொல்லாகும். ‘நேர்மை’ப் பொருள் தரும் ‘யுஸ்துஸ்’ என்பதன் சாயல் பின்னரே அதன்மீது படிந்தது. ஆகவே ஒன்றை மற்றொன்றன் அருகே வைத்து இணைத்தலே அதன் பழம்பொருள் எனலாம். ஆங்கிலத்தில் ஒரே வடிவம் தன்வினையாகவும் பிறவினையாகவும் நிற்கும். தமிழோ பொருந்துதல், பொருத்துதல் என வேறுபடுத்தும். இவ்வேறுபாட்டின் பயனை மாத்தளை மாவட்டத்து நாவுலப் பகுதியிலுள்ள நாலந்தா கெடிகேயின் வரலாறு நன்கு புலப்படுத்துகின்றது.

கெடிகே முழுவதும் கல்லாலான பௌத்தப் படிமவீடு. அறிஞர் இதனைக் கி.பி. 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதாகக் கொள்வர். மாமல்லபுரத்துக் கோயில்களை அறிந்தோர்க்கு இதன் லாடவடிவக் கூடுகளும் கணவுருவங்களும் புதியனவாகத் தோன்றா. பௌத்தக் கட்டடம் பல்லவப் பாணியில் எழுந்தமை, கலையை இனவழிப் பங்கிட விழைவோர்க்கு என்றும் இடர்ப்பாடே.

மகாவலித் திட்டத்தின்கீழ்ப் பொல்கொல்லையில் திருப்பப்பட்ட நீர், சுதுகங்கை வழியே அம்பன் கங்கையை அடைந்து போவத்தென்னையில் தேக்கப்பட்டது. அத்தேக்கம் கெடிகே நின்ற வயல்நிலத்தை மூழ்கடிக்கும் எனக் கண்டு, 1975இல் கட்டடம் கல்கல்லாகப் பிரிக்கப்பட்டது. 1980இல் உயரமான இடத்தில் மீண்டும் எழுப்பப்பட்டது. இங்குச் சைவ மரபினர் கூறும் சீரணோத்தாரணம் நினைவுக்கு வரலாம். ஆயின் அதன் நோக்கு வேறு: வழிபாடு தொடர்தற்பொருட்டுப் பழுதுற்ற கல்லை நீக்கிப் புதுக்கல் வைத்தல் அதற்கு இழுக்கன்று. தொல்லியலாளரின் மீளப் பொருத்துதலோ பழைய கல்லைப் பழைய அயற்கல்லின் அருகே வைப்பது. ‘யுக்ஸ்தா’ என்பதன் மூலப்பொருள் ஈண்டு முற்றும் பொருந்துகின்றது.

எகிப்தின் அபூ சிம்பெல் கோயில்கள் 1964 முதல் 1968 வரை இவ்வாறே பெயர்க்கப்பட்டன. ஆந்திரத்து நாகார்ச்சுனகொண்டாவின் சின்னங்கள் சிலவும் அணைநீருக்கு அஞ்சி மேட்டுநிலம் ஏறின. எனினும் 1964ஆம் ஆண்டின் வெனிஸ் பட்டயம், சின்னத்தை அதன் சூழலினின்று பிரித்தலாகாது என்றும், அதனைக் காத்தற்குத் தேவைப்படின் அல்லது மிக இன்றியமையாத தேசிய, பன்னாட்டு நலன் கருதி மட்டுமே பெயர்க்கலாம் என்றும் விதிக்கின்றது. நாலந்தாவில் நேர்ந்தது அவ்விதிவிலக்கே. கற்கள் தம்முள் பொருத்தப்பட்டன. கட்டடம் புதிய நிலத்தோடு பொருந்திற்றா என்பது வேறு வினா. வயல்நடுவே நின்ற கோயில் இன்று நீர்த்தேக்கக் கரையில் நிற்கின்றது. அதன் கட்டடக்கலையை ஆராய்வோர் நேரிற் சென்று காணலாம். அது தன் பழைய நிலத்தோடு கொண்டிருந்த தொடர்பை ஆராய்வோர் 1975க்கு முற்பட்ட வரைபடங்களையும் ஒளிப்படங்களையுமே நாடவேண்டியுள்ளது.