விலைபோனவர் என்ற வசை

டிரம்பெட் கலைஞர் டொனால்ட் பேர்டின் 'பிளாக் பேர்ட்' 1973-இல் வெளிவந்தபோது ஜாஸ் விமரிசகர்கள் பலர் அதைத் துரோகமாகவே கண்டனர். ஆர்ட் பிளேக்கியின் ஜாஸ் மெசெஞ்சர்ஸ் குழுவில் வாசித்தவர், பாரிஸில் நாடியா பூலாஞ்சேயிடம் பயின்றவர், இளம் ஹெர்பி ஹான்காக்கை வளர்த்துவிட்டவர், இப்போது சந்தைக்கு விலைபோய்விட்டார் என்றார்கள். புளூ நோட் நிறுவனம் அதுவரை வெளியிட்ட இசைத்தட்டுகளில் அதுவே மிக அதிகமாக விற்றது. அந்த விற்பனையே குற்றத்துக்குச் சான்றாயிற்று.

இத்தட்டு எங்கிருந்து பிறந்தது என்று பார்த்தால் கதை வேறாகிறது. வாஷிங்டனில், கறுப்பின மக்களின் உயர்கல்விக்குப் பேர்போன ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பேர்ட் ஜாஸ் கற்பித்து வந்தார். தயாரிப்பாளர் லாரி மிஸெல் அங்கே பொறியியல் படித்தவர். அவருடைய சகோதரர் ஃபோன்ஸும் ஹோவர்டின் மாணவரே. மோடவுன் நிறுவனத்தில் ஜாக்சன் 5 குழுவுக்கு வெற்றிப்பாடல்கள் எழுதிய கூட்டணியில் ஒருவர். ஆக, சோலும் பாப்பும் இத்தட்டுக்குள் நுழைந்தது கல்விக்கூடத்து உறவின் வழியாக. அதே 1973-இல் தம் மாணவர்களைக் கொண்டே 'பிளாக்பேர்ட்ஸ்' குழுவையும் பேர்ட் உருவாக்கினார்.

இசையைக் கேட்போம். ஹார்ட் பாப் பாணியில் முதலில் மெட்டு வரும். பிறகு ஒவ்வொருவராக நீண்ட தனியாவர்த்தனம். இறுதியில் மீண்டும் மெட்டு. இங்கோ ஹார்வி மேசனின் டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் ஒரே தாளக்கட்டைச் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஜோ சாம்பிளின் பியானோ அதன் இடைவெளிகளை நிரப்புகிறது. குரல்கள் சேர்ந்து சிறு பல்லவியைப் பாடுகின்றன. டிரம்பெட் அக்கூட்டத்தில் ஒரு குரலாக ஒலிக்கிறது. கற்பனைச் சஞ்சாரத்துக்கான வெளி சுருங்கியது உண்மை. அந்த இழப்பை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கூட்டுக்குரலின் மீதான நாட்டம் பேர்டுக்குப் புதிதன்று. மெதடிஸ்ட் போதகரின் மகனான அவர், 1963-இல் ஒலிப்பதிவான 'எ நியூ பெர்ஸ்பெக்டிவ்' தட்டிலேயே தேவாலயச் சாயல்கொண்ட பாடகர் குழுவைத் தம் ஜாஸுடன் இணைத்திருந்தார்.

மிஸெல் சகோதரர்களுடன் அவர் செய்த தட்டுகளிலிருந்து ஹிப்-ஹாப் தலைமுறை துணுக்குகளை வெட்டியெடுத்துப் புதுப் பாடல்களை நெய்தது. 1993-இல் குருவின் 'ஜாஸ்மடாஸ்' தட்டில் பேர்டே வந்து வாசித்தார். 2000-இல் அமெரிக்க அரசின் தேசியக் கலை நிதியம் அவருக்கு ஜாஸ் மாஸ்டர் விருதளித்தது, 2013-இல் மறைந்தார்.

எந்தத் தட்டு ஜாஸின் முடிவு எனப்பட்டதோ, அதன் வழியாகவே பின்வந்த இளைஞர் பலர் ஜாஸுக்குள் வந்து சேர்ந்தார்கள். ஆசிரியர் ஒருவருக்கு இதைவிடப் பெரிய வெற்றி வேறென்ன இருக்க முடியும்?